விமானப் பராமரிப்புத் தொழிலாளரும் அவர்களுடைய சங்கமும்: வாசகர் கேள்வி – பதில்

மே 24 விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் நாள் என்று சென்ற இதழில் ஒரு துணுக்கு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு அல்சூர் தொடங்கி தேவனஹள்ளி வரை பெங்களூருவின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். இந்நகரில் 34 ஆண்டுகள் விமானங்களைப் பழுதுபார்த்தவன், அவற்றுள் 11 ஆண்டுகள் சங்கப் பொறுப்பிலும் இருந்தவன் என்பதற்கு மேல் எனக்குத் தகுதி ஏதுமில்லை. பணியில் இருப்பவர்கள் எழுதியவற்றில் பெயரையும் நிறுவனத்தையும் நீக்கியிருக்கிறோம். என் அனுபவமாக நான் சொல்பவற்றிலும் அவ்வாறே.

டெக்னீஷியன்களுக்கென்று ஒரு நாள் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஏன் மே 24? அன்று என்ன நடந்தது?
— கல்லூரி மாணவர், விமானபுரா

அன்று ஒரு குழந்தை பிறந்தது. 1868-ஆம் ஆண்டு மே 24 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த சார்லஸ் டெய்லர் என்பவரே உலகின் முதல் விமான மெக்கானிக் என்று கருதப்படுகிறார். ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 1901-இல், கடையைப் பார்த்துக்கொள்ள வாரம் 18 டாலர் சம்பளத்தில் அவரை அமர்த்தினார்கள். பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த ஓர் இன்ஜின் வேண்டும் என்று மோட்டார் நிறுவனங்களுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பயனுள்ள பதில் ஏதும் வராமற்போகவே, அந்தப் பொறுப்பு கடையில் இருந்த டெய்லரிடம் வந்து சேர்ந்தது. முறையான வரைபடம் கிடையாது. துண்டுத் தாளில் மூவரும் கிறுக்கிய படங்களைத் தம் வேலை மேசைக்கு மேலே குத்திவைத்துக்கொண்டு, ஒரு லேத்தையும் ஒரு துளையிடும் எந்திரத்தையும் கைக்கருவிகளையும் கொண்டு ஆறே வாரங்களில் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை அவர் செய்து முடித்தார். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை ஓர் எஃகுப் பலகையிலிருந்தே துளையிட்டுச் செதுக்கி எடுத்தார் என்பதை லேத்தில் நின்று பழகியவர்கள் படித்தால் ஒரு நிமிடம் மௌனமாகிவிடுவார்கள். சகோதரர்கள் எதிர்பார்த்தது 8 குதிரைத்திறன். அவர் கொடுத்தது ஏறத்தாழ 12. 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் 12 விநாடி, 120 அடி பறந்தது அந்த இன்ஜின்தான். பறந்த இடத்தில் டெய்லர் இல்லை. டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் சேமிப்பை இழந்த டெய்லர், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கூலிக்குச் சாதாரண மெஷினிஸ்டாக வேலை பார்த்தார். ஆர்வில் ரைட் தம் உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 800 டாலர் எழுதிவைத்திருந்தும் முதுமைக்கு அது போதவில்லை. 1955-இல் அவர் அரசு மருத்துவமனையின் இலவசப் பிரிவில் கிடப்பதை ஒரு செய்தியாளர் கண்டு எழுதிய பிறகே விமானத் துறையினர் நிதி திரட்டி அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30 அன்று, தமது 87-ஆம் வயதில், அவர் இறந்தார். பின்னாளில் அமெரிக்க மெக்கானிக்குகளும் அவர்களுடைய அமைப்புகளும் முயன்று இந்த நாளை நிலைநிறுத்தினார்கள். 2008-இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையும் இதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

நம் ஊருக்கும் இந்தத் தேதிக்கும் ஒரு தற்செயலான தொடர்பு இருக்கிறது. தேவனஹள்ளி விமான நிலையம் திறக்கப்பட்டது 2008 மே 24 அன்றுதான். பழைய ஹெச்ஏஎல் நிலையத்திலிருந்து ஏணிகளையும் ஜாக்குகளையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் போனவர்களுள் நானும் ஒருவன். அன்று எங்களுடைய நாள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

என் மகன் விமான நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரவெல்லாம் வேலை, விடிந்துதான் வீடு திரும்புகிறான். வேலையை இவன் செய்ய, கையெழுத்தை வேறொருவர் போடுகிறாராம், சம்பளமும் அவருக்குத்தானாம். சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சுகிறேன்.
— ஒரு தாய், ராமமூர்த்தி நகர்

அம்மா, முதலில் இரவுப் பணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறுந்தொலைவு விமானங்கள் பகல் முழுவதும் பறந்து சம்பாதித்துவிட்டு இரவில்தான் தரையில் நிற்கின்றன. ஆகவே லைன் மெயின்டனன்ஸ் எனப்படும் அன்றாடப் பராமரிப்பின் பெரும்பகுதி இரவில்தான் நடக்கும். அதை எந்தச் சங்கத்தாலும் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை இரவுகள் தொடர்ச்சியாக, எவ்வளவு இடைவெளிக்குப் பிறகு, வீட்டில் கொண்டுவந்து விட வண்டி உண்டா, அதிகாலை 3 மணிக்கு உண்பதற்குச் சூடாக ஏதேனும் உண்டா என்பவையெல்லாம் பேசிப் பெறக்கூடியவை. இவற்றைப் பேசுவதற்குத்தான் சங்கம்.

கையெழுத்து விஷயம் சட்டத்தால் அமைந்தது. ஒரு விமானத்தில் வேலை முடிந்ததும் அது பறக்கத் தகுதியானது என்று விடுவிப்புச் சான்றில் ஒப்பமிடும் உரிமை, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏவின் லைசென்ஸ் பெற்று, நிறுவனத்தின் அங்கீகாரமும் பெற்றவருக்கே உண்டு. இன்ஜினும் விமான உடலும் பார்ப்பவருக்கு பி1, மின்னணுக் கருவிகள் பார்ப்பவருக்கு பி2 என்று பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் மகனைப் போன்ற டெக்னீஷியன், அந்த லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரின் மேற்பார்வையில், போல்ட்டை முடுக்குகிறார், சக்கரத்தை மாற்றுகிறார், குழாய்களைச் சோதிக்கிறார். கையெழுத்திடுபவர் எல்லாவற்றையும் தம் கண்ணால் பார்த்திருக்க முடியாது. பெரும்பகுதியை உங்கள் மகனின் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஒப்பமிடுகிறார். ஆகவே தன் கையெழுத்து இல்லை என்பதால் தன் வேலைக்கு மதிப்பில்லை என்று அவர் எண்ண வேண்டியதில்லை.

அவரும் லைசென்ஸ் பெறலாம். அதற்கு மாட்யூல் எனப்படும் பாடப்பகுதிவாரித் தேர்வுகளை எழுத வேண்டும். செய்த வேலைகளின் பதிவேட்டில் உரியவரின் கையெழுத்துகள் சேர வேண்டும். இந்தப் பதிவேட்டில்தான் பல பிள்ளைகளின் எதிர்காலம் மாட்டிக்கொள்கிறது. “லைசென்ஸ் வாங்கினால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான்” என்று கையெழுத்தைத் தள்ளிப்போடும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவேடு மாதந்தோறும் ஒப்பமிடப்பட வேண்டும், தேர்வுக்கு விடுப்பு வேண்டும், தேர்வுக் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது நிறுவனம் ஏற்க வேண்டும் என்பன நாங்கள் கேட்டுப் பெற்ற கோரிக்கைகள். ஊதிய உயர்வைவிட இவற்றுக்காகவே இளைஞர்கள் எங்களிடம் வந்தார்கள்.

சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் உரிமை. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைத் தண்டிப்பதை நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று சட்டம் விலக்கியிருக்கிறது. இருந்தாலும் நீங்கள் கேட்பது சட்டத்தை அல்ல, நடைமுறையை. மகன் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தால், உறுப்பினராகச் சேரட்டும், சந்தாவைச் செலுத்தட்டும். பொறுப்பு எதையும் பணி உறுதியான பிறகு ஏற்கட்டும். என் மகனாக இருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

ஒரு வேலையை முழுதாக முடிக்க நேரம் இல்லை என்றபோது, “காலையில் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு விடு” என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். விமானம் மூன்று மணி நேரம் தாமதமாயிற்று. அடுத்த வாரமே என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சங்கத்தால் இதில் என்ன செய்ய முடியும்?
— டெக்னீஷியன், மாரத்தஹள்ளி

தம்பி, முதலில் ஒரு வார்த்தை: நீங்கள் செய்தது சரி. இதை உங்களிடம் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 17,000 அடியைக் கடந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து போய், விமானி பாதி உடலோடு வெளியே இழுக்கப்பட்டார். விமானப் பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சௌதாம்ப்டனில் தரையிறக்கினார். விமானி உயிர் பிழைத்தார். கண்ணாடியை அதற்கு முந்தைய நாள் இரவுப் பணியில் மாற்றியிருந்தார்கள். பொருத்தப்பட்ட 90 போல்ட்டுகளில் 84 தேவையான விட்டத்தைவிட நூலளவு சிறியவை. மாற்றியவர் சோம்பேறியோ திறமையற்றவரோ அல்லர். அனுபவம் மிக்கவர், பொறுப்பான பதவியில் இருந்தவர். ஆள் குறைவான இரவு, மங்கலான வெளிச்சம், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தது, காலைக்குள் முடிக்க வேண்டும் என்ற நினைப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்தன. பராமரிப்புப் பிழைகளுக்குக் காரணமான பன்னிரண்டை 1993-இல் கனடாவில் கோர்டன் டுபான்ட் என்பவர் தொகுத்தார். நம் பயிற்சி வகுப்புகளில் ‘டர்ட்டி டஸன்’ என்று சொல்லித் தருவது அதைத்தான். களைப்பு, நெருக்கடி, ஆள்–பொருள் பற்றாக்குறை எல்லாம் அதில் இருக்கின்றன. மறுத்துப் பேசும் துணிவின்மையும் அதில் ஒன்று. வகுப்பில் துணிவு வேண்டும் என்று படம் போட்டுக் காட்டிவிட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் துணிந்தவரை இடம் மாற்றுவதுதான் நம் துறையின் பெரிய முரண்பாடு. அந்த இடைவெளியில் நிற்பதற்குச் சங்கத்தைத் தவிர வேறு அமைப்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி செய்ய வேண்டியது. அன்றிரவு நடந்ததை இன்றே எழுதிவையுங்கள்: எந்த வேலை, பராமரிப்பு நூலின் எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார். உணர்ச்சிச் சொற்கள் வேண்டாம். மறுத்ததற்கான காரணம் விமானத்தின் குறைகளை எழுதும் பதிவேடான டெக் லாகிலோ வேலை அட்டையிலோ பதிவாகியிருந்தால் அந்தப் பக்கத்தின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணத்தைப் படமெடுத்து வெளியில் அனுப்பாதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். நிறுவனத்துக்குள் பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்க ஒரு முறை இருந்தாக வேண்டும். அதன் வழியே அறிக்கை கொடுங்கள். இவற்றோடு சங்கத்துக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள்.

அதன் பிறகு வேலை சங்கத்தினுடையது. கொள்கையைக் காரணம் காட்டிக் கெட்ட நோக்கத்தோடு ஒரு தொழிலாளியை இடம்விட்டு இடம் மாற்றுவது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. உங்களுடையது ஒரே வளாகத்துக்குள் பிரிவு மாற்றம் என்பதால் நிறுவனம் அது வேறு என்று வாதாடும். மறுத்த தேதியையும் மாற்றிய தேதியையும் அருகருகே வைத்துக் காட்டுவதுதான் நமக்குள்ள வழி. முதலில் நிர்வாகத்துக்குக் கடிதம். பதில் இல்லையென்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சமரசம். விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்புக்குள் வருவது. மாநிலத் தொழிலாளர் துறையிடம் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு, அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

நடந்த ஒன்றையும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மூக்குச் சக்கரக் காலில் ஹைட்ராலிக் எண்ணெய் அளவுக்கு மீறிக் கசிவதைக் கண்ட ஒரு நண்பர், யாரிடமும் கேட்பதற்கு முன்பே அதை லாகில் எழுதச் செய்துவிட்டார். எழுதிவிட்டால் அழிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். பத்தே நாட்களில் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சங்கம் அவருக்காக மூன்று மாதங்கள் கடிதம் எழுதியது, இருமுறை சமரச அதிகாரியின் முன் உட்கார்ந்தது. அவர் பழைய பிரிவுக்குத் திரும்பி வந்தார். ஆனால் அந்த ஆண்டு நிறுத்தப்பட்ட ஊதிய உயர்வை எங்களால் மீட்க முடியவில்லை. முழு வெற்றி கிடைக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. தனியாக விடப்பட மாட்டீர்கள் என்பதை மட்டும் உங்கள் சங்கம் உறுதி செய்ய வேண்டும். செய்யவில்லையென்றால் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள்.

விமானப் பராமரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் நோயாளிகளும் முதியவர்களும் அல்லவா துன்பப்படுகிறார்கள்? இது நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஜெயநகர்

துன்பப்படுகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் முன்னறிவிப்பின்றி நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை. வான்வழிப் பயணிகள் போக்குவரத்து, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுச் சேவையாக வைக்கப்பட்டிருந்தது. 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இந்த 14 நாள் விதியை எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் விரித்திருக்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப்பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்கிறது. 2022 ஜூலையில் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் டெக்னீஷியன்கள் பலர் ஊதியம் போதவில்லை என்று ஒரே சமயத்தில் உடல்நலமில்லை என விடுப்பு எடுத்த செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். முன்னின்று பேசச் சங்கம் இல்லாத இடத்தில் கோபம் இப்படித்தான் வழி தேடும். அதைவிட முகமும் முகவரியும் உள்ள ஒரு சங்கம் 14 நாள் முன்பே எழுதிக் கொடுப்பது பயணிகளுக்கும் நல்லது.

பெங்களூருவுக்கு வேலைநிறுத்தம் புதிதல்ல. 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி ஹெச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ, ஹெச்எம்டி, பிஇஎம்எல் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் 77 நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் அல்சூரிலும் மர்பி டவுனிலும் பல வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். வேலைநிறுத்தத்தின் முதல் சுமை தொழிலாளியின் வீட்டில்தான் இறங்குகிறது. அதை விளையாட்டாக அறிவிப்பவர் எவரும் இல்லை.

பராமரிப்பாளர்களிடம் வேறொரு வழியும் உண்டு. ‘விதிப்படி வேலை’ என்பார்கள். கையேட்டில் உள்ள ஒவ்வொரு படியையும் ஒன்றுவிடாமல் செய்வது, அவ்வளவுதான். அப்படிச் செய்தால் விமானங்கள் தாமதமாகின்றன. மற்ற நாட்களில் எப்படி நடக்கிறது என்ற கேள்வியை நீங்கள் நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும், அம்மா.

டெக்னீஷியன்களுக்குத் தனிச் சங்கம் வேண்டுமா, அல்லது எல்லா ஊழியர்களும் இருக்கும் பொதுச் சங்கத்திலேயே தொடரலாமா? எங்களுக்குள் இதில் பெரிய விவாதம் நடக்கிறது.
— சங்கக் கிளைச் செயலாளர், பாகலூர் சாலை

இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் நான். பொதுச் சங்கத்தில் நம் குரல் அமுங்கிவிடுகிறது. சுமை தூக்குவோரும் டிக்கெட் கவுன்ட்டர் ஊழியர்களும் எண்ணிக்கையில் மிகுதி. அங்கே போல்ட்டை உரிய விசையில் முடுக்கும் டார்க் ரென்ச்சின் அளவுத்திருத்தக் காலத்தைப் பற்றியோ மாட்யூல் தேர்வு விடுப்பைப் பற்றியோ பேசினால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. அமெரிக்காவில் 1962-இல் தோன்றிய ஏஎம்எஃப்ஏ என்ற அமைப்பு இந்தக் காரணத்துக்காகவே விமான மெக்கானிக்குகளுக்கு மட்டுமான சங்கமாக வளர்ந்தது. 1888-இல் அட்லான்டாவில் ரயில் இன்ஜின் பழுதுபார்க்கும் குழிக்குள் 19 பேர் கூடித் தொடங்கிய மெஷினிஸ்டுகள் சங்கத்திடமிருந்து சில நிறுவனங்களில் உறுப்பினர்களைத் தன் பக்கம் ஈர்க்கவும் செய்தது.

ஆனால் அதன் கதையை முழுதாகப் படியுங்கள். நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் ஏறத்தாழப் பாதி வேலையிடங்களையும் கால்வாசி ஊதியத்தையும் குறைக்க முனைந்தபோது, 2005 ஆகஸ்ட் 20 அன்று அச்சங்கத்தினர் 4,000-க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தனர். விமானிகள், பணிப்பெண்கள், சுமை தூக்குவோர் ஆகியோரின் சங்கங்கள் உடன் வரவில்லை. நிறுவனம் மாற்று ஆட்களை முன்கூட்டியே தயார்செய்து வைத்திருந்ததால் விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. ஓராண்டுக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. தொழில்திறனைப் பற்றிய பெருமிதம் தோழமைக்கு மாற்றாகாது என்பதை அவர்கள் கொடுத்த விலையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

மேலே சொன்ன புதிய தொழில் உறவுத் தொகுப்பும் கணக்கை மாற்றியிருக்கிறது. ஓர் இடத்தில் 51 விழுக்காடு தொழிலாளர்களைக் கொண்ட சங்கமே நிர்வாகத்தோடு பேசும் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி ஒன்று இல்லாதபோது, குறைந்தது 20 விழுக்காடு வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த குழு. விமான நிறுவனத்தில் டெக்னீஷியன்கள் மட்டும் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. பராமரிப்பை மட்டுமே செய்யும் நிறுவனத்தில் நீங்கள் இருந்தால் தனிச் சங்கம் அமையுங்கள். விமான நிறுவனத்திலேயே இருந்தால் பொதுச் சங்கத்துக்குள் ஒரு பராமரிப்புக் கிளையை உண்டாக்கி, செயற்குழுவில் அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் வேண்டும் என்று விதியில் எழுத வையுங்கள்.

நான் ஒப்பந்தத் தொழிலாளி. சங்கத்தில் சேரலாமா?
— தேவனஹள்ளி

சேரலாம். அதைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தத் தாளில் இருந்தாலும் அது செல்லாது. உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் நிரந்தரத் தொழிலாளர்கள்தான் உண்மையான தடை. அவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஆண்டுதோறும் மூத்த டெக்னீஷியன்களுக்குச் சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்து, படம் எடுத்துக்கொள்கிறோம். வாங்குபவர்கள் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. எங்கே தவறு செய்கிறோம்?
— சங்கப் பொருளாளர், முருகேஷ்பாளையா

சால்வை மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை; எனக்குப் போர்த்தியதை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் போர்த்தியவர் என்னைப் பற்றிப் பேசிய மூன்று நிமிடத்தில் என் பெயரைத் தவிர என்னைப் பற்றி எதுவும் இல்லை. “கடமை தவறாதவர், கண்ணியமானவர்” என்றார். தபால் ஊழியருக்கும் வங்கி மேலாளருக்கும் இதே சொற்கள் பொருந்தும்.

நம் தொழிலில் நல்ல வேலையின் அடையாளம் எதுவும் நடக்காமல் இருப்பதுதான். நடக்காததைப் பாராட்டுவது கடினம்; ஆகவே தேட வேண்டும். விருது பெறுபவர் எந்த ஆண்டில் எந்த விமானத்தில் என்ன குறையைக் கண்டுபிடித்தார் என்று அவருடன் பணியாற்றிய இருவரிடம் கேட்டு, நான்கு வரி எழுதி, மேடையில் படியுங்கள். இன்ஜின் விசிறித் தகட்டில் நகத்தால் தடவி மட்டுமே உணரக்கூடிய கீறலை டார்ச் வெளிச்சத்தில் கண்டவர், தவறான உதிரி பாகத்தை அதன் எண்ணைப் பார்த்துத் திருப்பியனுப்பியவர் என்று உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. அதை அவருடைய மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அப்பா இரவெல்லாம் என்னதான் செய்தார் என்பது யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் விமானப் பராமரிப்பில் 50 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அந்நாட்டு அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகமே சார்லஸ் டெய்லர் பெயரில் விருது அளித்து, பெயரைக் கௌரவப் பட்டியலில் சேர்க்கிறது. பெறுபவரின் மனைவிக்கும் ஒரு சின்னம் அணிவிப்பார்கள் என்பது எனக்குப் பிடித்த வழக்கம். நமக்கு வேறொரு மரபு இருக்கிறது. ஆயுத பூஜை அன்று ஹேங்கரில் ஸ்பேனர்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். பூஜை முடிந்ததும் பூவும் தேங்காய்ச் சில்லும் இன்ஜின் வாய்ப்பக்கம் போய்விடாமல் தரையை அங்குலம் அங்குலமாகப் பெருக்குவதும் அந்த நாளின் சடங்குதான். அடுத்த ஆண்டு, கருவிகளுக்குப் பொட்டு வைத்த கையோடு, அவற்றைப் பிடித்த மூத்தவரை முன்னே அழைத்து, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளரிடம் அவர் கையாலேயே ஒரு கருவியைக் கொடுக்கச் செய்து பாருங்கள். செலவும் கேடயத்தைவிடக் குறைவு.

இன்னொன்று. மேலே வேறொரு கேள்வியில் மறுத்துப் பேசி இடம் மாற்றப்பட்ட ஒரு தம்பியைப் பற்றி எழுதினேன். அப்படிப்பட்டவர் உங்கள் கிளையில் இருந்தால் அவரை ஓய்வுபெறும் வரை காக்க வைக்காமல் இந்த ஆண்டே மேடையேற்றுங்கள். நிர்வாகத்தினர் அழைப்பை ஏற்று வந்தார்களா, வரவில்லையா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா? சங்கம் எங்களுக்காக என்ன செய்யும்?
— மாணவி, டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, கே.ஆர். புரம்

வந்துகொண்டிருக்கிறார்கள், நீங்களும் வாருங்கள் தங்கையே. எரிபொருள் தொட்டியின் குறுகிய வாய்க்குள் நுழைய வேண்டிய வேலைகளில் எங்களைப் போன்ற தொப்பைக்காரர்கள் பட்ட பாட்டை நீங்கள் பட மாட்டீர்கள். சங்கத்திடம் நீங்கள் முதல் மாதமே கேட்க வேண்டியவை சிறியவை போலத் தோன்றும்: ஹேங்கருக்கு அருகிலேயே கழிப்பறையும் உடை மாற்றும் அறையும், உங்கள் அளவுக்குத் தைத்த கவரால் என்ற முழுநீள வேலை உடை, இரவில் வீட்டு வாசல் வரை வண்டி. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்கள் பலகையில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சங்கச் செயற்குழுவில் பெண்ணே இல்லையென்றால், அந்தக் காலியிடத்துக்கு நீங்களே மனுப் போடுங்கள்.

விமான மெக்கானிக்காக இருந்த என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அவருடைய கருவிப் பெட்டி வீட்டில் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை. யாருக்காவது பயன்படுமா?
— வாசகி, ஃப்ரேசர் டவுன்

விற்க வேண்டாம். அவர் இருந்த சங்கத்தின் அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அளவுத்திருத்தம் காலாவதியான டார்க் ரென்ச்சையும் அளவுகருவிகளையும் விமானத்தில் பயன்படுத்தக் கூடாது. அவை காட்சிக்கு ஆகும். ஸ்பேனர்களையும் சுத்தியல்களையும் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் பெஞ்சு வேலைக்குப் பயன்படுத்தலாம். பெட்டிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் வெட்டிய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அந்தக் கருவி விமானத்துக்குள் எங்கோ கிடக்கிறது என்று பொருள். அது கிடைக்கும் வரை விமானம் நகராது. உங்கள் தந்தையின் பெட்டியில் ஏதேனும் பள்ளம் காலியாக இருந்தால், கடையில் வாங்கி நிரப்பிவிடாதீர்கள். எது குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, உள்ளே வைத்துக் கொடுங்கள். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.